டீசல் மிச்சம்

"இறங்கு" என்று சுகுமாரன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேடு வந்தால் வண்டியை நிறுத்துவான். மேட்டை ஒரு பார்வை, டீசல் முள்ளை ஒரு பார்வை. பிறகு நெருங்கிய சொந்தத்தில் யாரோ தவறிவிட்டதுபோல ஒரு பெருமூச்சு விடுவான். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் ஷர்மினி கதவைத் திறந்து கீழே இறங்கியிருப்பாள். பெண்டாட்டி என்றால் இப்படிக் குறிப்பறிந்து நடக்க வேண்டும் என்று அவன் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டது வேறு விஷயம்.

கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கமல்ல இது. டீசலுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகை நின்று, விலை ஒரே ராத்திரியில் எகிறியதே, அந்த வாரத்தில் பிடித்த பேய். சுகுமாரனுக்கு மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய லகாட்டில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கிடங்கு வேலை. அவனிடம் இருந்ததோ நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய டீசல் ஜீப்பு, ஊர் வழக்கில் ஃபோர்வீல். மீன் பிடிக்கப் போக, டுரியான் பழம் ஏற்ற, வருஷத்துக்கு ஒருமுறை பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி பூசைக்குச் சாமான் கொண்டுபோக என்று ஆசைப்பட்டு வாங்கியது. விலை ஏறிய பிறகு அந்த ஆசை வயிற்றெரிச்சலாக மாறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவில் நாகூர் மீரானின் சாப்பாட்டுக் கடையில் பழைய ஃபோர்வீல்காரர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். முன்பெல்லாம் எந்த ஆற்றில் இறங்கினோம், எந்தச் சேற்றில் சிக்கினோம் என்று பீற்றிக்கொண்டவர்கள், இப்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதில் போட்டி போட்டார்கள். ஒருவன் ஒன்பது என்பான், அடுத்தவன் ஒன்பதரை என்பான். மூன்றாமவன் தேநீரை உறிஞ்சிவிட்டு, கூச்சமே இல்லாமல் பத்து என்பான்.

"நீங்க சொல்றதைப் பாத்தா ஓட ஓட டேங்க்குல எண்ணெ ஊறும் போல இருக்கே லா" என்று கல்லாவில் இருந்தபடி நாகூர் மீரான் கேலி செய்வார்.

எல்லாரும் சிரிப்பார்கள், சுகுமாரனைத் தவிர. பதினொன்று தொட்டே தீருவது என்று அவன் மனதுக்குள் சபதம் போட்டிருந்தான்.

முதலில் செய்ததெல்லாம் நியாயமானவைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்று வடிகட்டியை மாற்றினான். கூரைமேல் இருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றினான். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினான். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. டயரில் உரலைப்போல் கெட்டியாகும்வரை காற்றடித்தான். வண்டியின் பின்னால் எப்போதும் கிடக்கும் மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஜாக்கி, சாமான் பெட்டி எல்லாம் சும்மா ஊர்வலம் போகிற இரும்பு என்று வீட்டுப் பின்கட்டில் இறக்கி வைத்தான். டீசலுக்கும் கனம் உண்டு என்று, டேங்க்கில் கால் பங்குக்கு மேல் நிரப்புவதை விட்டான். முன் சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கையகலத்தில் ஒரு திருகு இருக்கும். அதைப் பூட்டினால்தான் முன் சக்கரமும் இழுக்கும், தளர்த்திவிட்டால் அது சும்மா உருளும், கொஞ்சம் டீசல் மிச்சமாகும். இரண்டையும் தளர்த்திவிட்டான். பெயருக்கு ஃபோர்வீல், ஓடியதென்னவோ பின் இரண்டு சக்கரத்தில்.

கடைசியில் வண்டியிலிருந்து இறக்குவதற்கு மிச்சம் இருந்தது ஷர்மினி மட்டும்தான்.

முனியாண்டி பூசையன்று காலையில் அவளோடு அரிசி மூட்டையும் தேங்காயும் காஸ் சிலிண்டரும் அண்டாவும் ஏறின. லகாட்டிலிருந்து சிலிம் ரிவர்வரை எல்லா லாரியும் தன்னைத் தாண்டிப் போகும்படி அவன் ஓட்டினான். ரப்பர் பால்மரமெல்லாம் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, சனங்கள் குடியிருந்த லயத்தையும் இடித்துத் தள்ளிய தோட்டம் அது. சனங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். முனியாண்டிக்குப் போக இடமில்லை, அங்கேயே இருந்தார். கார்க்காரர்கள் தார் ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்தோ மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டோ உள்ளே போவார்கள். சாமான் கொண்டுபோவது வருஷா வருஷம் சுகுமாரனின் பொறுப்பு.

செம்மண் பாதை ஓர் இறக்கமாக இறங்கி, பாலமில்லாத ஓடையைத் தாண்டி, மறுபக்கம் மேடேறும். மேட்டின் தலையில் கோயில். முந்தின ராத்திரி பெய்த மழையில் மண் கொழகொழத்திருந்தது. இறங்குவதில் தொல்லை இல்லை. ஓடையைத் தாண்டியதும் சுகுமாரன் நிறுத்தினான். மேட்டைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

ஷர்மினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பூசைக்கென்று கட்டிய பட்டுச்சேலையைச் சேறு படாமல் தூக்கிச் செருகினாள்.

"தேங்காய் மூட்டையையும் இறக்கட்டுமா? அதுவும் நடந்து வரும்" என்றாள்.

"வெளையாடாதே, ஷர்மி. நீ பாத ஓரமா மெல்ல வா."

பாதை ஓரமாகத்தான் அவள் வந்தாள். நடுப்பாதையில் சேறு, ஓரத்தில் செம்பனை மட்டைகள் தாழ்ந்து கிடந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

வண்டி ஒரே மூச்சில் மேடேறியது. கோயில் வாசலில் நிறுத்தி மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டான் சுகுமாரன். பதினொன்று! மறுபடியும் போட்டான். பதினொன்றேதான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பேசியை எடுத்து மீட்டரைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பப் பார்த்தான். லைன் கிடைக்கவில்லை. கையை உயர்த்திப் பிடித்து அங்கும் இங்கும் நடந்தான். அப்போது கீழேயிருந்து "என்னங்க" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது, அதில் சந்தேகமில்லை. பூ விழுந்திருக்கும், செருப்பு விழுந்திருக்கும், வந்து சொல்லட்டும் என்று அவன் மறுபடியும் கைப்பேசியை உயர்த்தினான்.

இரண்டாவது முறை குரல் வரவில்லை. ஆள்தான் வந்தாள். சேலை கலைந்து, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தாள். ஒரு கண் அதற்குள் மூடிப்போயிருந்தது. உதடு தடித்து முகமே வேறொருத்தியின் முகமாக இருந்தது. கையெல்லாம் சிவப்புத் தடிப்புகள்.

ஷர்மினியின் தம்பி பவித்ரன் சிலிம் ரிவர் டவுனில் இருப்பவன், மோட்டார் சைக்கிளில் முன்னமே வந்திருந்தான். பந்தல் கட்டிக்கொண்டிருந்தவன் குதித்து ஓடிவந்து அக்காவைத் தாங்கினான்.

"என்னா அக்கா? என்னா கடிச்சது?"

"மட்டைக்குள்ள... கூடு... நெறைய." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. "தொண்டை அடைக்குது" என்று மட்டும் சொன்னாள்.

யாரோ சுண்ணாம்பு கொண்டு ஓடிவந்தார்கள். பூசாரி பத்துமலை அந்தக் கையைத் தட்டிவிட்டார். டவுனில் வாட்ச்மேன் வேலை பார்ப்பவர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இது தெபுவான் லா. காட்டுக் குளவி. ரெண்டு மூணு கொட்டினாலே ஆளை அடிச்சிடும். சுண்ணாம்பு வெச்சுக்கிட்டு உக்காராதீங்க. சுகு, வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போ!"

மோட்டார் சைக்கிளில் உட்கார வைக்க முடியாது, அவள் துணிபோல் துவண்டு கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட லைன் இல்லை, கூப்பிட்டாலும் ஓடையைத் தாண்டி அது வராது. இருந்த ஒரே வழி சுகுமாரனின் ஜீப்பு. சாமான்களை இறக்கினார்களா வீசினார்களா என்று தெரியாது, தேங்காய்கள் மேட்டில் உருண்டு ஓடின. முன் இருக்கையைச் சாய்த்து ஷர்மினியைப் படுக்க வைத்தார்கள். பவித்ரன் பின்னால் ஏறி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டான். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

இறக்கத்தில் வண்டி பாதி உருண்டது, பாதி சறுக்கியது. ஓடையைத் தாண்டினார்கள். காலையில் சுலபமாக இறங்கிய இறக்கம் இப்போது எதிரே மேடாக நின்றது. அத்தனை பேர் நடந்தும் மோட்டார் சைக்கிள் ஓடியும் அது களிமண் குழம்பாகியிருந்தது. சுகுமாரன் நாலு சக்கர லீவரை இழுத்துப் போட்டான். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா என்று மிதித்தான்.

பாதி மேட்டில் வண்டி நின்றது. எஞ்சின் அலறியது, பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. விட்டு மிதித்தான். இன்னும் கொஞ்சம் புதைந்தது. பவித்ரன் குதித்து இறங்கிப் பின்னால் போய்த் தோள் கொடுத்தான். பின்னால் எதிர்மேட்டுக் கோயிலிலிருந்து ஆட்கள் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது.

"மாமா! முன் சக்கரம் சுத்தவே இல்ல மாமா!"

கியர் போய்விட்டது என்றே சுகுமாரன் முதலில் நினைத்தான். இந்த நேரம் பார்த்தா, முனியாண்டி, இந்த நேரம் பார்த்தா என்று வாய்க்குள் சாமியைத் திட்டினான். மறுபடியும் மிதித்தான். பக்கத்தில் ஷர்மினியின் மூச்சு விசில் அடிப்பதுபோல் இழுத்தது.

அப்போதுதான் அவள் கை அசைந்தது. கண்கள் இரண்டும் மூடியே இருந்தன. கை மட்டும் கதவைத் தடவித் தடவிப் போய்க் கைப்பிடியைத் தேடியது. என்ன செய்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கதவு டக்கென்று திறந்து மழை உள்ளே அடித்தது.

"ஷர்மி! என்னா செய்றே?"

தடித்த உதட்டை அசைத்து அவள் சொன்னாள். "நான்... எறங்கிக்கிறேன்ங்க. ஏறாது... வண்டி."

சுகுமாரன் பாய்ந்து அவள்மேல் குனிந்து கதவை இழுத்துச் சாத்தினான். அந்தக் கையைப் பிடித்தான். அது சில்லென்றிருந்தது. உயிர் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் இவளுக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை, வண்டி திணறினால் இறங்கிவிட வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. யார் பழக்கியது? அவனுக்கு நெஞ்சுக்குள் யாரோ மண்வெட்டியால் கொத்துவதுபோல் இருந்தது.

அந்தக் கணத்தில்தான் முன் சக்கரத் திருகு நினைவுக்கு வந்தது. கியர் போகவில்லை. திருகைத் தளர்த்தி வைத்தவனே அவன்தான்.

குதித்து இறங்கினான். இடப்பக்கத் திருகைச் சேற்றைத் துடைத்துவிட்டுத் திருப்பினான். டக்கென்று பூட்டிக்கொண்டது. வலப்பக்கம் ஓடினான். அது அசையவில்லை. மாதக்கணக்கில் தொடாமல் கிடந்து இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் திருகினான். நகம் பெயர்ந்தது. குறடு இருந்தால் ஒரு நொடி வேலை. குறடு லகாட்டில், வீட்டுப் பின்கட்டில், சாமான் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"யார்கிட்டயாவது இரும்பு இருக்கா? சுத்தியல், குறடு, எதாச்சும்!" என்று கத்தினான்.

பந்தல் கட்ட வந்தவர்கள் கயிறும் மூங்கிலுமாகத்தான் வந்திருந்தார்கள். கல்லை எடுத்து அடித்தான், மழைநீரில் கல் வழுக்கி விரலில் விழுந்தது. பத்துமலை ஒரு கணம் பார்த்தார். திரும்பி ஓடையைத் தாண்டிக் கோயில் மேட்டில் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வயதில் அவர் ஓடிய ஓட்டத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. திரும்பி வந்தபோது கையில் முனியாண்டியின் அரிவாள் இருந்தது. பூசை முடியும்வரை நட்ட இடத்தில் அதை யாரும் தொடக்கூடாது. கை தவறித் தொட்ட பிள்ளைகளைக்கூட அறைந்தவர் அவர்.

"பிடி. முதுகால அடி. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அரிவாளின் முதுகால் திருகின் விளிம்பில் ஓங்கித் தட்டினான். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியில் அது அசைந்தது. இன்னும் ஓர் அடி. பூட்டிக்கொண்டது.

"காத்த எறக்கு, மச்சான்! நாலு டயர்லயும்! சாவியால குத்து!"

பவித்ரன் ஒரு பக்கமும் இன்னொருவன் மறுபக்கமும் காற்றைத் திறந்துவிட்டார்கள். கல்லைப்போல் இருந்த டயர்கள் உஸ்ஸென்று தளர்ந்து சேற்றில் அகலமாக உட்கார்ந்தன. சுகுமாரன் ஏறினான். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். மிதித்தான். முன் சக்கரம் ஒருமுறை வழுக்கியது. பிறகு மண்ணைப் பிடித்தது. வண்டி முனகிக்கொண்டே ஏறியது.

மேலே வந்ததும் பவித்ரன் ஓடிவந்து தொற்றிக்கொண்டான். தார் ரோட்டில் தளர்ந்த டயரோடு வண்டி ஆட்டம் போட்டது. டீசல் விளக்கு சிவப்பாக எரிந்தது. சேற்றில் போட்ட கூத்தில் இருந்ததும் போய்விட்டது. வழியில் நின்றால் அவ்வளவுதான் என்று சுகுமாரனுக்குத் தெரியும். மெல்ல ஓட்டினால் எண்ணெய் நீடிக்கும், மெல்ல ஓட்டினால் அவள் தாங்கமாட்டாள். இத்தனை மாதம் அவன் கற்ற வித்தையெல்லாம் மெல்லப் போவதற்கான வித்தை. அழுத்தி மிதித்தான்.

"அக்கா, கண்ணத் தொற. அக்கா! மாமா, மூச்சு சத்தம் கேக்கல மாமா!"

"பேசிக்கிட்டே இரு. விடாதே. பேசு!"

பவித்ரன் அழுதுகொண்டே பேசினான். சின்ன வயதில் அவள் அவனுடைய சைக்கிளை உடைத்ததையெல்லாம் சொன்னான். சிலிம் ரிவர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஏறியதும் எஞ்சின் இருமியது, இரண்டு முறை உதறியது, அணைந்தது. அவசரப் பிரிவின் கதவுக்கும் வண்டிக்கும் இடையில் கொஞ்ச தூரம் இருந்தது. சுகுமாரன் மனைவியை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தொடையில் ஊசி போட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். சுகுமாரன் திரைக்கு வெளியே நின்றான். ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மலாய் மொழியில் சொன்னார். பவித்ரன் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கதை போய்விட்டது. பவித்ரன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"மாமா மட்டும் இல்லேன்னா அக்கா இல்ல. அந்தச் சேத்துல என்னமா ஓட்டினாரு தெரியுமா!"

நாகூர் மீரான்கூட அழைத்து, "பழைய வண்டின்னாலும் உசுரக் காப்பாத்திருச்சு பாருங்க, அண்ணே" என்றார். சுகுமாரன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான்.

ஷர்மினிக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்து ஒரு கண் திறந்திருந்தது. பவித்ரன் கட்டிலருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கை மாமாவின் தோள்மேல் இருந்தது.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல, அக்கா. வண்டியிலதானே வந்தே. அந்த மட்டைக்குள்ள எப்படிப் போன?"

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. "நானாத்தான் எறங்கி நடந்தேன் லா. சும்மா, கால் மரத்துப் போச்சுன்னு."

அது முழுப்பொய்யும் அல்ல. இறங்கு என்று அவன் வாயால் சொல்லவில்லை. கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் அவன் பக்கம்தான் தீர்ப்பாகும். உம் கொட்டிவிட்டுப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வீரன் வீரனாகவே இருக்கலாம். மேட்டில் கதவைத் தடவிய அந்தக் கை போர்வைமேல் கிடந்தது.

"கால் மரக்கல, மச்சான். நான்தான் எறங்க வெச்சேன். டீசல் மிச்சம் பிடிக்க. மேடு வந்தா எறங்கணும்னு பழக்கி வெச்சிருந்தேன். அவ கூப்பிட்டப்பவும் நான் போகல. மீட்டரப் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்."

தோள்மேலிருந்த கை விலகியது. பவித்ரன் எழுந்தான்.

"அக்கா படுத்திருக்குன்னு பாக்குறேன், மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

திட்டுவாள் என்று சுகுமாரன் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினான் என்றே சொல்லலாம். ஷர்மினி மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"எப்ப வீட்டுக்கு விடுவாங்களாம்?"

"நாளைக்குக் காலையில. நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போயி எண்ணெ வாங்கியாந்து ஊத்திட்டேன். பெட்ரோல் ஸ்டேசனுக்குக் கொண்டுபோயி டேங்க்கு ரொப்பிட்டேன், ஷர்மி. காத்தும் அடிச்சாச்சு. வாசல்லயே கொண்டாந்து நிறுத்துறேன். ஒரு எட்டுகூட நீ நடக்க வேணாம்."

"நான் ரயில்ல போறேன்ங்க. ஈப்போ வரைக்கும் பவித்ரன் கூட வரட்டும்."

"இனிமே எந்த மேட்டுலயும் உன்ன எறங்க விடமாட்டேன். சத்தியமா."

"தெரியும்ங்க" என்றாள் அவள். "ஆனா அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

குரலில் கோபமே இல்லை. கடைக்குப் போகவில்லை, இன்றைக்குச் சமைக்கவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதைத்தான் சுகுமாரனால் தாங்க முடியவில்லை.